ஒரு கடவாய்ப் பல்லுக்குப் போட்ட கணக்கு

போன மாசியில் குலதெய்வக் கோயில் கிடாவிருந்து. நல்லி எலும்பைக் கடித்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம். எலும்புதான் உடைந்தது என்று நினைத்து மென்றுகொண்டே இருந்தேன். நாக்கில் தட்டுப்பட்ட துண்டை எடுத்து இலை ஓரத்தில் வைத்துப் பார்த்தால், அது என் பல். கீழ்த்தாடை, வலது பக்கம், முதல் பெரிய கடவாய்ப் பல். நாலு வருடத்துக்கு முன்னால் அதற்கு வேர் சிகிச்சை செய்திருந்தது. "கேப் போட்டுக்குங்கண்ணா, இல்லீன்னா ஒரு நாளைக்குப் பொளந்துரும்" என்று அன்றைக்கே டாக்டரம்மா சொன்னார். வலி போனதும் கேப்பும் மறந்துபோனது. ஆக, குற்றம் என்னுடையதுதான்.

வேர் வரைக்கும் நெடுக்கில் பிளந்திருந்ததால் எடுப்பதைத் தவிர வழியில்லை. எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்டு மூன்று இடம் போனேன். ஒரு இடத்தில், பிடுங்கின அன்றைக்கே தாடை எலும்பில் ஸ்க்ரூ வைத்துவிடலாம் (இம்ப்ளாண்ட் என்பது இதுதான், அதன்மேல் பிறகு கேப் வரும்), எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்றார்கள். இன்னொரு இடத்தில், எதற்கு அறுவை எல்லாம், இரண்டு பக்கப் பல்லையும் சீவி, நடுவில் போன பல்லையும் சேர்த்து ஒரே துண்டாகக் கேப் மாட்டும் பிரிட்ஜ் கட்டிவிடலாம், 12,000 என்றார்கள். மூன்றாவது, வேர் சிகிச்சை செய்த அதே டாக்டரம்மா. பல்லை எடுப்போம், புண் ஆறட்டும், அப்புறம் ஸ்கேன் பார்த்துச் சொல்கிறேன், இம்ப்ளாண்ட் என்றால் 42,000 ஆகும் என்றார்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு சி.என்.சி மெஷின், ஒரு பழைய லேத், பெரும்பாலும் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். ஒரே ஜாபுக்கு மூன்று பேர் மூன்று மாதிரி ரேட் போட்டால் எங்கள் தொழிலில் முதலில் டிராயிங்கைத்தான் சந்தேகப்படுவோம். இங்கே டிராயிங்கே இல்லை. பல் வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் ஓட்டை போட்டு, மரை வெட்டி, ஸ்க்ரூ முறுக்குவதுதான் 26 வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. அதனால் ஒவ்வொரு வழியையும் என் பாஷையில் எடைபோட்டுப் பார்த்தேன். நடுவில் அம்மாவின் பல்செட் விவகாரமும் வந்து சேர்ந்துகொண்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பக்கத்துப் பல்லைக் கேட்டுத்தான் முடிவு

சும்மா விட்டுவிடுவதும் ஒரு வழிதான், அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. கடைசிக் கடவாய்ப் பல் போய், முன்னால் இருப்பவை நன்றாக இருந்தால், பலர் அப்படியே காலத்தை ஓட்டிவிடலாம். முதல் கடவாய் விஷயம் வேறு. மெல்லும் பாரத்தில் பெரும்பங்கு அதன் தலையில் இருக்கிறது. அந்த இடம் காலியானால் பின்னால் இருக்கும் பல் முன்னால் சாயும், மேலே இருக்கும் எதிர்ப் பல் முட்ட ஆளில்லாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். வருடங்கள் கழித்து மனசு மாறினாலும் பல் வைக்க இடம் இருக்காது.

கழட்டி மாட்டும் ஒற்றைப் பல்லை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். ஒரு பக்கத்தில் மட்டும் கம்பிக் கொக்கியில் நிற்கும் அவ்வளவு சின்னத் துண்டு, தூக்கத்திலோ சாப்பாட்டிலோ தொண்டைக்குள் போய்விடும் அபாயம் உண்டு. நாலைந்து பல் சேர்ந்து போனவர்களுக்கு, அல்லது இப்போதைக்குக் காசு இல்லை என்பவர்களுக்கு, அது சரியான வழி. ஒரு பல்லுக்குச் சரிவராது.

பிரிட்ஜில்தான் எனக்கு அனுபவம் இருக்கிறது. 11 வருடத்துக்கு முன்னால் இடது பக்கம் இதே மாதிரி ஒரு பல் போனபோது, ஒரு இடத்தில் பிரிட்ஜ் கட்டினார்கள். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதற்காகச் சொத்தையே இல்லாத இரண்டு பல்லைச் சுற்றிலும் சீவினார்கள். சீவின மேல்தோல் திரும்ப வளராது. மூன்று கேப்பும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் நடுவில் நூல் விட்டுச் சுத்தம் செய்ய முடியாது. அடிவழியாக நூலை நுழைக்க ஊசி மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம் விற்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். கட்டினவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பின்பக்கப் பல்லின் கேப் ஓரத்தில் கறுப்பு தெரிகிறது.

அதற்காக பிரிட்ஜைத் திட்டமாட்டேன். ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், 10 வருடம் கழித்து வாயில் நிற்கும் பிரிட்ஜ் நூற்றுக்கு ஏறத்தாழ 90. இம்ப்ளாண்ட் அதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். அந்த எண்ணிக்கை வித்தியாசத்தை வைத்து முடிவெடுப்பது வீண் வேலை. பக்கத்துப் பற்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி. இரண்டும் ஏற்கெனவே வேர் சிகிச்சை ஆனவை, பெரிய அடைப்பு இருப்பவை, எப்படியும் கேப் போட்டே ஆக வேண்டியவை என்றால் பிரிட்ஜ் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். ஒரே செலவில் மூன்று வேலை முடிகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், பீடி சிகரெட்டை விட முடியாதவர், அடுத்த மாதம் மகள் கல்யாணத்தை வைத்திருப்பவர் ஆகியோருக்கும் அதே பதில்தான். என் வலது பக்கத்தில் இரண்டு பக்கப் பல்லும் கைபடாதவை. இரண்டு நல்ல பல்லைச் சீவி ஒரு பல்லைக் கொண்டுவரும் கணக்கு இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை.

இறுகிப்போன போல்ட்டும் டைட்டானியமும்

எலும்பு ஏன் ஒரு உலோகத்தைச் சேர்த்துக்கொள்கிறது என்பது எனக்குப் புரியாமல் இருந்தது. அதன் கதை எங்கள் பட்டறையில் நடக்கிற கதை. 1952இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்‌-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் காலெலும்பில் டைட்டானியம் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் அது வரவில்லை. துருப்பிடித்து இறுகின போல்ட்டை நாங்கள் சபித்துக்கொண்டே வெல்டிங் அடித்து எடுப்போம். அவர் சபிக்காமல் யோசித்தார். 1965இல் கோத்தன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல்முதலாகத் தாடையில் டைட்டானிய ஸ்க்ரூக்களை வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும் வரைக்கும், 40 வருடத்துக்கு மேல், அவை அவர் வாயில் வேலை செய்தன. ஆக, பொருள் நிற்குமா என்ற சந்தேகம் தீர்ந்துவிட்டது. வைக்கிற விதம்தான் மிச்சம்.

டிராயிங் மேலிருந்து கீழே

ஒரு காலத்தில் எலும்பு எங்கே தாராளமாக இருக்கிறதோ அங்கே ஸ்க்ரூவை இறக்கிவிட்டு, அதன்மேல் பல்லை எப்படியாவது உட்கார வைப்பார்கள். பல் கோணலாக வரும், அடியில் சோறு சிக்கும். இப்போது நல்ல இடங்களில் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வரப்போகும் பல்லைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். பிறகு அந்தப் பல்லுக்கு நேர் அடியில் ஸ்க்ரூ எங்கே, எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். எலும்பு போதவில்லை என்றால் அப்போதுதான் எலும்பைக் கூட்டும் பேச்சு.

டாக்டரம்மா இரண்டு படம் எடுத்தார். ஒன்று சி.பி.சி.டி ஸ்கேன், தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து தாடையை முப்பரிமாணத்தில் காட்டும். ஆஸ்பத்திரி சி.டி ஸ்கேனைவிட இதில் கதிர்வீச்சு குறைவு. இன்னொன்று வாய்க்குள் பேனா மாதிரி ஒரு கேமராவை ஓட்டி எடுப்பது. அச்சு எடுக்கிறேன் என்று வாய் நிறையப் பசையை அப்பி, குமட்டி, கண்ணீர் விட்ட காலம் போய்விட்டது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் எலும்பு, ஈறு, பல் மூன்றும் ஒரே திரையில்.

அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் இந்த வேலைமேல் எனக்கு மரியாதை வந்தது. கீழ்த்தாடைக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுப்பது. திரையில் அதைச் சிவப்புக் கோடாக வரைந்திருந்தார். என் எலும்பின் மேல் விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரை 13 மில்லிமீட்டர். நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டர் விட்டே ஆக வேண்டும். அப்படியானால் 11. ஆனால் அவர் எடுத்தது 10 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. "ஏனுங்க, 11 வெக்கலாமல்ல?" என்று கேட்டேன். "டிரில் பிட் மூக்கு எழுதின அளவைவிடக் கொஞ்சம் கீழே போகுமுங்கண்ணா" என்றார். எங்கள் பட்டறையில் புதுப் பையன்கள் முதல் மாதம் வாங்கும் திட்டே இதற்குத்தான். பிட் முனைக் கூம்பைக் கணக்கில் எடுக்காமல் ஆழம் போட்டு, அடியில் ஓட்டை விழுந்து ஜாப் வீணாகும். இங்கே ஜாப் வீணானால் உதடு மரத்துப்போகும். இந்தப் பதிலைக் கேட்டதும், மூன்றில் எந்த இடம் என்ற கேள்வி எனக்கு முடிந்துவிட்டது. ஸ்கேனே பேசாமல் பேக்கேஜ் ரேட் சொன்ன இடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜிக் வைத்தா, கைப்பழக்கத்திலா

அடுத்த கேள்வி, ஓட்டையை எப்படிப் போடுவது. திரையில் வரைந்த திட்டத்தை வாய்க்குள் கொண்டுபோக ஒரு கைடு செய்கிறார்கள். பக்கத்துப் பற்கள்மேல் தொப்பி மாதிரி உட்காரும் ரெசின் துண்டு, 3டி பிரிண்டரில் அடித்தது. ஸ்க்ரூ வர வேண்டிய இடத்தில் ஒரு உலோக வளையம். பிட் அந்த வளையத்துக்குள்தான் போக முடியும். பார்த்ததும் சிரித்துவிட்டேன். அசல் டிரில் ஜிக், அந்த வளையம்தான் அதில் புஷ். கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒருவர் செய்வார்.

ஜிக் இருந்தால் வேலை நூலிழை பிசகாது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. கைடு வைத்துப் போட்ட ஸ்க்ரூக்களைத் திட்டத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகல் இருக்கிறது. கோணத்தில் 3, 4 டிகிரி. எங்கள் பட்டறையில் இந்த டாலரன்ஸில் ஜாப் அனுப்பினால் மறுநாளே லாரியில் திரும்பி வரும். ஸ்கேனில் கொஞ்சம், பிரிண்டரில் கொஞ்சம், கைடு பல்லின்மேல் சரியாக உட்காராததில் கொஞ்சம் என்று பிழை கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் கைடு இருந்தாலும் நரம்புக்கு 2 மில்லிமீட்டர் விடுவது மாறுவதில்லை. ஆனாலும் கையால் போடுவதைவிட இது துல்லியம், குறிப்பாகக் கோணத்தில்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே செத்துவிடும் என்று 1980களிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். செத்த எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்காது. அதனால் டிரில் ஓடும்போது உப்பு நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள், எங்கள் கூலண்ட் மாதிரி. கைடு மூடியிருந்தால் அந்த நீர் உள்ளே சரியாகப் போகாது. ஒரே அழுத்தாக அழுத்தாமல், இறக்கி, ஏற்றி, கழுவி, மறுபடி இறக்கிப் போட வேண்டும். நாங்கள் பெக்கிங் என்போம். இன்னொன்று வாய் திறப்பு. கைடின் உயரம், அதன்மேல் நீளமான பிட், அதைப் பிடிக்கும் கருவியின் தலை, எல்லாம் சேர்ந்து பின் கடவாய்க்கு மேலே நிற்க வேண்டும். பாக்கும் பான் மசாலாவும் போட்டுப் போட்டுக் கன்னம் இறுகி, இரண்டு விரல் நுழையாத வாய்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்குப் பின்பல்லில் முழுக் கைடு நுழையவே நுழையாது.

எனக்கு டாக்டரம்மா சொன்னது நடு வழி. 2 மில்லிமீட்டர் விட்டத்தில் போடும் முதல் ஓட்டைக்கு மட்டும் கைடு. இடமும் கோணமும் அதிலேயே நிச்சயமாகிவிடும். அதன்பின் கைடைக் கழற்றிவிட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே, தண்ணீர் நன்றாகப் பாயும்படி ஓட்டையைப் படிப்படியாகப் பெருக்குவது. கைடுக்குத் தனியாக 5,000 ரூபாய். ஒரு பல், தாராளமான எலும்பு, நரம்பு தூரத்தில் என்றால் கைதேர்ந்தவர் கைடே இல்லாமலும் செய்வார். முன்பல், நரம்பு கிட்டத்தில், அல்லது மூன்று நாலு ஸ்க்ரூ ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும் என்கிற வேலை என்றால் கைடுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. கேமரா வைத்துப் பிட்டின் முனையைத் திரையில் நேரலையாகக் காட்டும் முறையும் வந்திருக்கிறது. நான் பார்த்ததில்லை, ஒரு பல்லுக்கு அது தேவை என்றும் தோன்றவில்லை.

அன்றைக்கேவா, ஆறவிட்டா

பிடுங்கின குழியிலேயே ஸ்க்ரூ வைப்பதில் ஆசை இருப்பது நியாயம்தான். ஒரே அறுவை, மூன்று நாலு மாதம் மிச்சம். ஒற்றை வேர் உள்ள முன்பல்லில், குழியின் சுவர் முழுசாக இருந்து, சீழ் இல்லை என்றால் நன்றாகவே நிற்கிறது. கீழ்க் கடவாய்க்கு இரண்டு வேர். பிடுங்கினால் வரும் குழி அகலம். நாலரை மில்லிமீட்டர் ஸ்க்ரூ அதில் சுவரைப் பிடிக்க வேண்டுமே. எனக்கோ பிளந்த பல்லைச் சுற்றிச் சீழ் வேறு. ஆறவிடுவது என்று முடிவானது.

ஆறவிட்டாலும் ஒரு நஷ்டம் உண்டு. பல் போன இடத்து எலும்பு சும்மா இருக்காது. முதல் வருடத்துக்குள் அகலத்தில் பாதி வரை கரைந்துவிடலாம். அப்படிக் கரைவதைக் குறைக்க, பிடுங்கின குழியில் எலும்புத் தூள் போட்டு மூடுவார்கள். அந்தத் தூள் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். உலகம் முழுக்க அதிகம் புழங்குவது மாட்டெலும்பிலிருந்து, உயிர்ப்பொருளை எல்லாம் நீக்கி எடுத்தது. செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் தூளும் உண்டு. நம் எலும்பையே வேறு இடத்தில் சுரண்டியும் எடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையிலிருந்து வந்திருந்த அம்மா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பட்டிப் பொங்கலுக்கு மாட்டக் கும்புட்டுப்போட்டு, வாயில அதும் எலும்பையா சாமி வெச்சுக்குவே?" மருத்துவத்தில் அது பல பத்தாண்டுகள் புழங்கி வருவது, பாதுகாப்பானதுதான். ஆனால் அம்மா கேட்டது பாதுகாப்பைப் பற்றி இல்லையே. சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலருக்கு மனசு ஒப்பாது. கேட்டால் மாற்று கிடைக்கும், கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்வதில்லை. நான் செயற்கைத் தூளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனியில் ஸ்க்ரூ வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மரத்துப்போகும் ஊசிதான், வலி இல்லை. தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் கேட்கும் அந்தக் கரகரப்புச் சத்தம்தான் எனக்குப் புதுசு. கடைசியில் முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். 40 நியூட்டன் சென்டிமீட்டர் என்றார். 35க்கு மேல் பிடித்தால் சில இடங்களில் உடனே தற்காலிகப் பல் வைப்பதும் உண்டு. கடவாயில் கூடாது என்றார். முதல் சில வாரம் ஸ்க்ரூ நிற்பது வெறும் இறுக்கத்தில்தான். எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்வது அதற்கப்புறம். அதற்குள் மெல்ல ஆரம்பித்தால் ஆட்டம் கண்டுவிடும். ஈறுக்கு மேல் பொத்தான் மாதிரி ஒரு மூடி மட்டும் தெரிய, மூன்று மாதம் இடது பக்கமாகவே அரிசியும் பருப்பும் சாதம் சாப்பிட்டேன்.

மேல்தாடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என் மச்சானுக்கு மேல் கடவாய் போய் ஆறு வருடம். அங்கே எலும்பு முருங்கை மரம் மாதிரி. கீழ் முன்தாடை எலும்பு வேலமரம் என்றால் இதில் ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு. ஆறவும் கூடுதல் மாதம் ஆகும். அதற்கு மேலே சைனஸ் என்ற காற்றறை வேறு இறங்கி வந்திருக்கும். அதன் அடிச்சவ்வை உயர்த்தி எலும்பு போடுவது ஒரு வழி. 6, 8 மில்லிமீட்டர் குட்டை ஸ்க்ரூவோடு முடித்துக்கொள்வது இன்னொரு வழி. எலும்பு அதற்குப் போதும் என்றால் நான் குட்டை ஸ்க்ரூவைத்தான் எடுப்பேன். மச்சான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கேப்புக்கு ஸ்க்ரூவா, சிமெண்டா

ஐப்பசியில் கேப். ஜிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கான் வகை. இதைச் செய்வதைப் பார்க்க லேபுக்கே போயிருந்தேன். சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்கும் வட்டத் தட்டில் ஐந்து ஆக்ஸிஸில் அசையும் மெஷின் பல்லைக் குடைந்து எடுக்கிறது. எடுத்த பல்லைப் பார்த்தால் பூதம் மாதிரி பெரிசு. பிறகு சூளையில் 1,500 டிகிரி அளவில் வேகவைக்கும்போது அது 20 முதல் 25 சதவீதம் சுருங்கிச் சரியான அளவுக்கு வருகிறது. வார்ப்பிரும்பு பேட்டர்னுக்கு நூற்றுக்கு ஒன்று என்று சுருக்கம் விட்டே தப்பு செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நாலில் ஒரு பங்கு சுருங்கும் பொருளில் சரியான பொருத்தம் எடுக்கிறார்கள் என்றால், தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

கேப்பை ஸ்க்ரூமேல் சிமெண்ட் போட்டு ஒட்டலாம், அல்லது நடுவில் ஓட்டை வைத்து இன்னொரு சின்ன ஸ்க்ரூவால் முறுக்கலாம். ஒட்டினால் மேலே ஓட்டை தெரியாது, பார்வைக்கு அழகு. ஆனால் பிதுங்கும் சிமெண்ட் ஈறுக்கு அடியில் தங்கிவிட்டால் அங்கே புண் வந்து எலும்பையே கரைக்கும். முறுக்கினதை நாளைக்கு ஏதாவது என்றால் கழற்றிச் சரிசெய்து மாட்டலாம். கழற்ற முடியாத மெஷினை எங்கள் ஊரில் எவனும் வாங்கமாட்டான். நான் முறுக்குவதைத்தான் கேட்டேன். மேலிருந்து கீழே வரைந்த டிராயிங்கின் பலன் இங்கேதான் தெரிந்தது: ஓட்டை சரியாக மெல்லும் பரப்பின் நடுவில் வந்தது. ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, அதன் தலைமேல் வெள்ளை டேப்பைச் சுருட்டி அடைத்தார். பைப் மரையில் நாம் சுற்றுகிற அதே டெஃப்ளான், இது கிருமி நீக்கியது. அதன்மேல் பல் நிற அடைப்பு.

எந்தக் கம்பெனி ஸ்க்ரூ என்பதில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்து, கொரியா, இந்தியா என்று விலை பல மடங்கு மாறுகிறது. நான் மோட்டார் வாங்குவது போலத்தான் பார்த்தேன்: 15 வருடம் கழித்து ஸ்பேர் கிடைக்குமா? ஒரு கம்பெனி ஸ்க்ரூ இன்னொரு கம்பெனிக்குச் சேராது, முறுக்கும் டிரைவரே வேறு. நீண்ட காலம் சந்தையில் இருப்பதும், வேறு ஊர் டாக்டரும் அடையாளம் கண்டு கழற்றக்கூடியதுமாக இருந்தால் போதும். பெட்டியில் இருந்த லாட் நம்பர் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, பட்டா சிட்டா இருக்கும் கவரிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவின் டிக் பட்டன்

அம்மாவுக்கு வயது 74. மேலும் கீழும் முழுப் பல்செட். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை, நாக்கு அசைந்தால் செட்டும் அசையும். விசேஷ வீடுகளில் அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, ரசம் சோறு மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

அவருக்கு என் முன்னால் நாலு வழி இருந்தது. புதுசாக ஒரு நல்ல செட் கட்டுவது. இரண்டு ஸ்க்ரூ வைத்து அதன்மேல் செட்டை மாட்டுவது. நாலு ஸ்க்ரூவில் கழற்றவே முடியாத முழுப் பல் வரிசை. கடைசியாக, எலும்பின் கெட்டியான புறச்சுவரைப் பிடிக்கும் நீள ஸ்க்ரூக்களை வைத்து மூன்றே நாளில் நிலையான பல் தருகிறோம் என்று பேனர் கட்டுகிறார்களே, அது. கடைசியை முதலில் தள்ளினேன். எலும்பே இல்லாதவர்களுக்கு அது ஒரு வழியாக இருக்கலாம். ஆனால் வழக்கமான முறைக்கு இருக்கும் நீண்டகால ஆய்வு பலம் அதற்கு இல்லை, தப்பிப்போனால் கழற்றுவதும் சிரமம்.

நாலு ஸ்க்ரூ முறையை 1998இல் போர்ச்சுகலைச் சேர்ந்த பாலோ மாலோ தொடங்கினார். பின்பக்க இரண்டு ஸ்க்ரூவையும் 45 டிகிரி வரை சாய்த்து, நரம்பையும் சைனஸையும் தொடாமல் தப்பிப்பதுதான் அதன் சூட்சுமம். 55 வயதுக்காரருக்கு, வசதி இருந்தால், அருமையான வழி. அம்மாவுக்கு விரல் மூட்டு வீக்கம். நிலையான வரிசைக்கு அடியில் தினம் பிரஷ் நுழைத்துச் சுத்தம் செய்ய அந்தக் கை ஒத்துழைக்காது. நாலில் ஒன்று போனாலும் மொத்தமும் தள்ளாடும்.

இரண்டு ஸ்க்ரூ முறை இதற்கு நேர் எதிர். கீழ்த்தாடையில் கோரைப்பல் இருந்த இரண்டு இடத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூ. அங்கே எலும்பு கெட்டி, அந்த நரம்பும் அங்கே வந்து சேர்வதற்குள் எலும்பை விட்டு வெளியேறிவிடும். ஸ்க்ரூ தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் நைலான் வளையம். திருப்பூரில் குழந்தைத் துணியில் அடிப்பார்களே டிக் பட்டன், அதேதான். அழுத்தினால் 'டிக்', இழுத்தால் கழன்று வரும். கையில் வைத்துக் கழுவலாம். அவ்வப்போது வளையம் தேயும், மாற்ற வேண்டும். 2002இல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழே பல்லே இல்லாதவர்களுக்கு முதல் தேர்வு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். இம்ப்ளாண்டில் கொடுக்கும் காசுக்கு இதைவிட அதிகம் திருப்பித் தருவது எதுவும் இல்லை என்பது என் கட்சி.

அம்மாவை டெண்டல் காலேஜுக்குக் கூட்டிப் போனேன். செலவு பாதிக்கும் கீழே, ஆனால் அலைச்சல் இரட்டிப்பு. மூன்று மாத சர்க்கரை அளவு 9.1 வந்தது, எட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு வாங்க என்று அனுப்பினார்கள். அப்புறம் அங்கே இருந்த பெண், "எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி, மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா பாட்டி?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டுக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றும் மருந்துக்கு மூட்டு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவில் கிடக்கிறது. அந்த வகை மருந்து போட்டவர்களுக்குத் தாடையில் அறுவை செய்தால், அபூர்வமாக எலும்பு ஆறாமல் அழுகிப்போவதுண்டு. இரண்டு டாக்டரும் பேசி, ஸ்க்ரூ முதலில், அது ஆறின பிறகு ஊசி என்று வரிசைப்படுத்தினார்கள்.

"எனக்கெதுக்குங் கண்ணு, இன்னும் எத்தன நாளைக்கு" என்று ஆரம்பித்தவர், ராத்திரிச் சோற்றை நிறுத்தி, நாலு மாதத்தில் 7.6க்குக் கொண்டுவந்துவிட்டார். போன வாரம் இரண்டு ஸ்க்ரூவும் வைத்தாயிற்று. பட்டன் மாட்டத் தையில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். புதுப் பல்லில் நல்லி எலும்பைத் தவிர எல்லாம் மெல்கிறேன். அசல் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு நார் உண்டு. கல் கடித்தால் சுருக்கென்று சொல்லும். இம்ப்ளாண்டுக்கு அது இல்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. ராத்திரி சின்ன பிரஷ் ஒன்றை இடுக்கில் விட்டு எடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.

கேப் மாட்டின அன்றைக்கே டாக்டரம்மா இடது பக்கப் பழைய பிரிட்ஜைக் கண்ணாடிக் குச்சியால் தட்டிப் பார்த்தார். பின்பல்லில் தட்டும்போது லேசாக வலித்தது. பிரிட்ஜின் முன்பக்கப் பல் இன்னும் கெட்டி. பின்னது போனால் பிரிட்ஜை வெட்டிப் பிரித்து, முன்பக்கப் பல்லுக்குத் தனிக் கேப், பின்னால் ஒன்றா இரண்டா ஸ்க்ரூ என்று பார்க்க வேண்டும். வியாழக்கிழமை எக்ஸ்ரே.